நீண்ட பயணத்துக்கு முன் ஊரிலுள்ள அம்மாவைப் பார்க்க எப்போது, எப்படிப் போவது: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கொழும்பில் வேலை செய்துகொண்டு, மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ வயதான தாயை அல்லது தந்தையை வைத்திருப்பவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் சரிவந்தவுடன், ஊருக்கு எப்போது போய் வருவது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. புறப்படுவதற்கு முந்திய நாட்களை முழுவதுமாக ஊரில் கழித்துவிட்டு அங்கிருந்தே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போவதா, ஒரு மாதம் முன்பாகவே போய் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் திரும்புவதா, வார இறுதிகளில் ரயிலேறிப் பல தடவை போய் வருவதா, அல்லது பெற்றவரையே கொழும்புக்கு அழைத்து வைத்திருப்பதா என்று நான்கு வழிகள் உண்டு. பெரும்பாலானோர் இதை லீவுக் கணக்காக மட்டும் பார்த்து, கையில் எத்தனை நாள் இருக்கிறதோ அதற்கேற்ற வழியை எடுத்துக்கொள்கிறார்கள். நாட்களை எண்ணுவதற்கு முன்னர் எண்ணிப் பார்க்க வேண்டியவை வேறு சில உண்டு.

எதை வைத்து ஒப்பிடுவது

போகிறவர் எவ்வளவு விரைவில் திரும்பிவர முடியும் என்பதே முதல் அளவுகோல். கட்டாருக்கோ சவூதிக்கோ இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் போகிறவருக்கு நடுவில் லீவு கிடைப்பது முதலாளியின் கையில் இருக்கிறது. கொரியாவுக்கு வேலை அனுமதி முறையில் போகிறவர் முதலில் 3 ஆண்டுகளும், நீடிப்புக் கிடைத்தால் மொத்தம் 4 ஆண்டு 10 மாதங்களும் அங்கே இருக்கலாம். கப்பலில் ஏறுகிறவர் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் இறங்கிவிடுவார். படிக்கப் போகிறவரை வரவேண்டாம் என்று எவரும் தடுப்பதில்லை, விமானக் கட்டணம்தான் தடுக்கும். புகலிடம் கோரும் எண்ணத்தோடு போகிறவருக்குத் திரும்பும் திகதி என்று ஒன்றே இருக்காது. ஒன்பது மாதத்தில் திரும்பப் போகிறவரும் ஐந்து ஆண்டுக்குப் போகிறவரும் ஒரே விதமாகப் போய் வருவதில் பொருளில்லை.

இரண்டாவது, பெற்றவரின் உண்மையான நிலை. இதைத் தொலைபேசியில் அறிய முடியாது. கேட்டால், “எனக்கு ஒண்டுமில்ல மனே, நான் நல்லாத்தான் இருக்கன்” என்ற பதில்தான் வரும். அந்தப் பதில் எவ்வளவு உண்மை என்பதை வீட்டில் ஒரு சாதாரண நாளைக் கூட இருந்து பார்த்தால்தான் தெரியும். வைத்தியசாலை மருந்தகத்தில் கொடுக்கும் சிறிய காகிதப் பைகள் எல்லாவற்றையும் ஒரு பாயில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், கிளினிக்கில் கொடுத்த மெற்போமின் என்ற நீரிழிவுக் குளிசை ஒரு பையிலும், தனியார் பாமசியில் வேறு பெயரில் வாங்கிய அதே மெற்போமின் ஓர் அட்டையிலுமாக இருந்து, இரண்டையும் அம்மா வெவ்வேறு நோய்க்கான மருந்து என்று நினைத்து விழுங்கி வருவது தெரியவரலாம். இரவில் பின்வளவிலுள்ள கழிவறைக்கு எழுந்து போகும்போது எதைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறார், அந்தப் பக்கத்து மின்குமிழ் எரிகிறதா, கிணற்றுக்கட்டில் குந்திவிட்டு எழ எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பவற்றையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இதனோடு சேர்ந்தது கிளினிக் நாள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையாக இருந்தாலும், களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளாக இருந்தாலும், நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதயம் என்று கிளினிக்குகள் குறித்த கிழமைகளில்தான் நடக்கும். அடுத்த திகதி கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். அந்த நாளில் கூடப் போய் வைத்தியரிடம் இரண்டு நிமிடம் பேசுபவருக்கு, ஒரு வருடத்துத் தொலைபேசி உரையாடல்களில் கிடைக்காத விளக்கம் கிடைக்கும். ஆகவே ஊருக்குப் போகும் வாரத்தைத் தெரிவதற்கு முன், வீட்டிலுள்ள யாரையாவது அந்தக் கொப்பியைத் திறந்து திகதியை வாசிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நேரில் நின்றே ஆக வேண்டிய எழுத்து வேலைகள். வங்கியில் கூட்டுக் கணக்குத் திறக்க இருவரும் வர வேண்டும். கை நடுங்கும் வயதில் கையெழுத்து மாறிப்போயிருந்தால் அதைத் திருத்திப் பதிவதற்கும் அவரே வர வேண்டும். ஓய்வூதியம் பெறுகிறவர் ஆண்டுதோறும் உயிர்வாழ்ச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருப்பதால், அடுத்த வருடம் அவரைக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்துக்கும் யார் கூட்டிப்போவது என்று பேசி வைக்க வேண்டும். உங்கள் பெயரில் காணி இருந்தால், உங்களுக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தை நொத்தாரிசிடம் இங்கேயே எழுதிவிடுவது இலகுவானது. போன பிறகு செய்வதென்றால் அந்த நாட்டிலுள்ள எமது தூதரகத்துக்கு அலைய வேண்டும்.

நான்காவது அளவுகோல் எமது பகுதிக்கே உரியது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதும், மருமகன் அந்த வீட்டுக்கு வந்து சேர்வதும், அம்மா அல்லது உம்மா கடைசிக் காலத்தில் மகளோடு, பெரும்பாலும் இளைய மகளோடு, இருப்பதும் வழக்கம். ஆகவே மகன் ஒருவர் அம்மாவிடம் போகிறேன் என்று சொல்லும்போது, உண்மையில் தங்கையின் வீட்டுக்கு, மச்சான் உழைத்து நடத்தும் குடும்பத்துக்குள் போகிறார். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கலாம், வயல் வேலை இருக்கலாம். நீங்கள் வந்து நிற்பது அவர்களுக்கு உதவியாக அமையுமா, சுமையாக அமையுமா என்று முன்னரே கேட்பது நல்லது.

கடைசியாக மழை. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, எமது வீதிகளை நம்பித் திகதி குறிக்க முடியாது. பொலன்னறுவைப் பாதை மன்னம்பிட்டிப் பக்கத்தில் மூழ்கிப் போக்குவரத்து நிற்பதும், காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் பாதை மாவடிப்பள்ளியில் வெள்ளத்துக்குள் போவதும் ஊரறிந்தவை. 2024 நவம்பரில் அந்த மாவடிப்பள்ளிப் பாதையில்தான் மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு உயிர்கள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் ரயில் சேவைகள் தடைப்பட்டன.

முதல் வழி: கடைசி நாட்களை ஊரில் கழித்து, அங்கிருந்தே விமான நிலையம் போவது

மனம் உடனே நாடுவது இந்த வழியைத்தான். பெற்றவரோடு இருந்து, கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போய், அவர் கையால் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவதில் கிடைக்கும் நிறைவை மற்ற மூன்று வழிகளும் தரமாட்டா. அடுத்த சந்திப்பு எப்போது என்று தெரியாதவருக்கும், படுக்கையில் இருக்கும் பெற்றவரை விட்டுப் போகிறவருக்கும் இந்த நிறைவைக் குறைவாக மதிப்பிட நான் துணியமாட்டேன்.

ஆனால் இந்த வழியின் மறைந்த செலவுகள் மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதலானவை. கடைசி இரண்டு வாரங்கள் உண்மையில் உங்களுடையவை அல்ல. வேலைக்குப் போகிறவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு, மருத்துவ அறிக்கை, முகவரின் திடீர் அழைப்பு, பயணத் திகதி மாற்றம் என்று ஏதாவது ஒன்று கொழும்புக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். முகவர் நாளைக்கே வரச் சொன்னால், கல்முனையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ ஓர் இரவுப் பயணம் போய், மறுநாள் இன்னோர் இரவுப் பயணத்தில் திரும்ப வேண்டும்.

மிஞ்சும் நாட்களை உறவினர் எடுத்துக்கொள்வார்கள். பெரியம்மா வீட்டில் ஒரு நாள் சாப்பாடு, மாமா வீட்டில் ஒரு நாள், போகாவிட்டால் மனக்குறை. வைகாசியில் வந்தால் ஊர் முழுவதும் கண்ணகி அம்மன் கோயில் சடங்கிலும் குளிர்த்தியிலும் இருக்கும். எல்லோரையும் ஒரே இடத்தில் பார்ப்பதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை, அம்மாவோடு தனியே அரைமணி நேரம் பேசுவதற்கு அதைவிடக் கெட்ட காலமும் இல்லை. அம்மாவும் அந்த நாட்களில் அம்மாவாக இருக்கமாட்டார், விருந்து வைப்பவராக மாறிவிடுவார். விடியற்காலையில் குழல் பிட்டு, மத்தியானம் இறால், பின்னேரம் பலகாரம் என்று அடுப்படியை விட்டு நகராத ஒருவரிடம், அவருடைய சாதாரண நாள் எப்படிப் போகிறது என்று எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவர் குளிசையை ஒழுங்காகப் போடாததும் அந்த நாட்களில்தான்.

பிறகு வாடகை வான். வழியனுப்புவதற்கென்று ஒரு வான் பிடித்து, அம்மாவை முன் இருக்கையில் ஏற்றி, தங்கை, மச்சான், பிள்ளைகள், பக்கத்து வீட்டு அக்கா என்று வான் நிறையக் கட்டுநாயக்காவுக்குப் போய் வருவது எமது பகுதியில் வழமையாகிவிட்டது. எனக்கு இதில் ஒருபோதும் உடன்பாடு இல்லை. நீரிழிவும் கால் வீக்கமும் உள்ள எழுபது வயதுக்காரரைப் போகும்போது ஏழெட்டு மணித்தியாலமும் வரும்போது ஏழெட்டு மணித்தியாலமும் இருக்கையில் கட்டிவைப்பதற்குக் கிடைக்கும் பலன், விமான நிலையக் கதவடியில் சில நிமிடங்கள் நிற்பதுதான். அம்பாறையிலிருந்து மகியங்கனை, கண்டிப் பாதையால் போனால் மலை வளைவுகளில் வரும் வாந்தியும் சேர்ந்துகொள்ளும். வாசலில் விடைபெற்றுவிட்டு ஒருவர் மட்டும் கூட வருவது எல்லோருக்கும் நல்லது.

கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு மூன்றும் கைக்கு வந்துவிட்டவர், மழைக்காலமில்லாத மாதங்களில் புறப்படுகிறவர், திரும்புவதற்குப் பல ஆண்டுகள் ஆகக்கூடியவர் ஆகியோருக்கு இந்த வழி பொருந்தும். மற்றவர்களுக்கு இது செலவு கூடிய, பலன் குறைந்த வழி.

இரண்டாம் வழி: ஒரு மாதம் முன்பாகப் போய், வேலைகளை முடித்துத் திரும்புவது

என் சாய்வு இந்தப் பக்கம் என்பதை மறைக்கத் தேவையில்லை. பயணத்துக்கு நாலு முதல் ஆறு வாரங்களுக்கு முன்னர், கிளினிக் நாளும் குறைந்தது மூன்று வேலை நாட்களும் உள்ளடங்கும்படி ஐந்தாறு நாட்கள் ஊரில் நிற்பதே இதன் அமைப்பு. ஊரார் இன்னும் விடைபெறும் மனநிலைக்கு வந்திருக்கமாட்டார்கள். விருந்துகள் குறைவு, வீடு வழமைபோல் இருக்கும், அம்மா பின்னேரம் வாசலில் இருந்து வெற்றிலை போடுவார், நீங்களும் பக்கத்தில் இருக்கலாம்.

இந்த வழியின் பெரிய பலம், கண்ட குறையைத் திருத்துவதற்கு நீங்கள் இன்னும் நாட்டுக்குள் இருப்பீர்கள் என்பது. இரண்டு பெயரில் ஒரே குளிசை இருப்பதைக் கண்டால் கிளினிக் நாளில் வைத்தியரிடமே கேட்டு ஒன்றை நிறுத்தலாம். கழிவறைப் படிக்குக் கைபிடிக் குழாய் பொருத்த மேசனைப் பிடித்து, அவர் வழமைபோல் ஒரு கிழமை பிந்தி வந்தாலும் சமாளிக்கலாம். வங்கியில் இன்னொரு கடிதம் கேட்டார்கள் என்றால் அதை அனுப்பிவைக்க நேரம் இருக்கும். கண்புரை முற்றியிருப்பது தெரிந்தால் சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுத்துவிட்டுப் போகலாம். இதே விடயங்களைப் புறப்படுவதற்கு இரண்டு நாளுக்கு முன்னர் கண்டுபிடித்தால், கவலையைச் சுமந்துகொண்டு விமானம் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.

தங்கையோடும் மச்சானோடும் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கும் இதுவே ஏற்ற காலம். மாதம் எவ்வளவு அனுப்புவீர்கள், அது மருந்துக்கா, வீட்டுச் செலவுக்கா, யாருடைய கணக்குக்கு என்பதை அம்மா இருக்கும் இடத்தில் சொல்லிவிட்டால், பின்னால் அண்ணன் தம்பிக்குள் வரும் பேச்சுகளில் பாதி வராது. பார்ப்பவர் தங்கை, அனுப்புபவர் அண்ணன் என்ற ஏற்பாட்டில், பார்ப்பவருடைய உழைப்புக்கு எவரும் கணக்கு வைப்பதில்லை. வருடத்தில் சில நாட்களாவது அவரும் எங்காவது போய் வர, அந்த நாட்களில் அம்மாவோடு நிற்க ஒருவரை ஒழுங்கு செய்து, அதற்குரிய பணத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது நியாயம்.

குறை என்னவென்றால், கடைசி விடைபெறல் தொலைபேசியில் நடக்கும். “போகக்குள்ள வந்து முகத்தக் காட்டிட்டுப் போகல்லயே” என்று ஒரு வார்த்தை பின்னர் எழலாம். அம்மா சொல்லாவிட்டாலும் சொல்ல ஆட்கள் இருப்பார்கள். லீவும் பணமும் இடம் கொடுத்தால், புறப்படும் வாரத்தில் ஓர் இரவு மட்டும் தங்கித் திரும்பும் குறுகிய பயணம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது வேலை எதுவும் மிச்சமிருக்காது என்பதால், அந்த ஓர் இரவு முழுவதும் அம்மாவுக்கே கிடைக்கும். பயணத் திகதி ஆட்டம் காணும் நிலையில் இருப்பவர், மழைக்காலத்தில் புறப்படுகிறவர், பெற்றவர் நடமாடும் நிலையில் உள்ளவர் ஆகியோருக்கு இதுவே முதல் தெரிவு.

மூன்றாம் வழி: வார இறுதிகளில் பல தடவை போய் வருவது

வெள்ளி இரவு கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயிலேறிச் சனி காலை மட்டக்களப்பில் இறங்கி, ஞாயிறு இரவு திரும்பும் இந்த வழிக்கு லீவு தேவையில்லை என்பது கவர்ச்சியானது. ஆனால் சனி, ஞாயிறில் கிளினிக் பெரும்பாலும் இல்லை, பிரதேச செயலகம் இல்லை, வங்கியில் பெரிய அலுவல் எதுவும் நடக்காது. பிற்பகலில் தூங்கி விழும் மகனைப் பார்த்து அம்மா பாயை விரித்துக் கொடுப்பதோடு ஒரு நாள் முடிந்துவிடும். இரவு ரயிலும் சொன்ன நேரத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து போன ரயில் கல்லோயாப் பக்கத்தில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டு, ஆறு யானைகள் இறந்தன. எனவே இரவு ரயிலில் வந்து அதே நாளில் விமானம் ஏறும் திட்டத்தை எந்த வழியிலும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அம்பாறைக் கரையோரத்தாருக்கு ரயில் பாதையே இல்லை. மட்டக்களப்பில் இறங்கி இன்னும் ஒரு பஸ் ஏறுவதைவிட, அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ நேரே போகும் இரவு பஸ் அவர்களுக்கு வசதி. குருமண்வெளித் துறையில் படகேறி மண்டூர்ப் பக்கம் போகிறவருக்கு வார இறுதியின் இன்னொரு பகுதியும் பயணத்திலேயே கழியும்.

இருந்தும் ஒரு நிலையில் இந்த வழி மற்ற மூன்றையும் வெல்லும். மறதி தொடங்கிய பெற்றவருக்கு ஒரு நீண்ட சந்திப்பைவிடச் சீரான இடைவெளியில் பல குறுகிய சந்திப்புகள் உதவும். ஒவ்வொரு தடவையும் என்ன மாறியிருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியவரும். அதிகம் பேசினால் களைத்துப்போகிற நோயாளிக்கும் அப்படியே.

நான்காம் வழி: பெற்றவரைக் கொழும்புக்கு அழைத்து வைத்திருப்பது

பேசும்போது இலகுவாகத் தோன்றும், செய்யும்போது கடினமாகும் வழி இது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி அறையில், மின்தூக்கி வேலை செய்யாத நாளில், வளவும் கிணறும் கோயில் மணியும் இல்லாமல் பகல் முழுவதும் தனியே இருக்கும் அம்மாவுக்கு, பிள்ளை வேலை முடிந்து வரும் இரவு எட்டு மணி வரையிலான நேரத்தை என்ன செய்வதென்று தெரியாது. ஊரில் மாதாந்தக் கிளினிக் தவறும், இடையில் மருந்து முடியும். பயண வேலைகளுக்காக நீங்கள் வெளியே ஓடும்போது அவருக்குச் சோறு போட ஆள் தேவைப்படும். நீங்கள் விமானம் ஏறிய பின், அழுது களைத்திருக்கும் ஒருவரை ஊருக்குக் கூட்டிப்போக இன்னொருவர் லீவு போட வேண்டும். இந்தத் திரும்பும் பயணத்தைத்தான் எல்லோரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலோ கண் வைத்தியசாலையிலோ செய்ய வேண்டிய பரிசோதனையோ சத்திரசிகிச்சையோ இருந்தால் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். ஊரில் பார்க்க மகள் இல்லாமல், கொழும்பிலுள்ள இன்னொரு பிள்ளையோடு நிரந்தரமாக இருக்கப்போகிறவர் என்றால், நீங்கள் இங்கே இருக்கும்போதே சில வாரங்கள் இருந்து பழகிப் பார்ப்பது அவசியமே. வெறுமனே வழியனுப்புவதற்காக அழைப்பதென்றால் வேண்டாம்.

மூன்றே நாட்கள்தான் கிடைத்தால்

விசா திடீரென்று கைக்கு வந்து, அடுத்த வாரமே புறப்பட வேண்டியவருக்கு மேலே சொன்ன தெரிவுகள் பல இல்லை. அவர் வார நாட்களில் போக வேண்டும். முதல் நாள் காலையில் அம்மாவை ஓட்டோவில் ஏற்றி வங்கிக்குப் போய்க் கணக்கு வேலையை முடிப்பது முதலாவது. வங்கியில் ஒரு பத்திரம் குறைந்தாலும் மறுநாள் ஒன்று மிச்சமிருக்கும். அன்று பின்னேரம் குளிசைப் பைகளைக் கொட்டிப் பார்த்து, கிளினிக் கொப்பியின் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் எழுத்து வேலையில் மிஞ்சியதும், தங்கை குடும்பத்தோடு பேச வேண்டியதும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பதை அம்மாவுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி, வீட்டுக்கு வரும் வழியை, எந்தக் கோயில் அல்லது பள்ளிவாசலடியால் எந்த ஒழுங்கைக்குள் திரும்புவது என்பதை, பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

மூன்றாம் நாளுக்கு வேலை எதையும் வைக்க வேண்டாம். உறவினர் வீடுகளுக்குப் போக முடியாமைக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். போனதன் பின் அங்கிருந்து கேட்டாலும் ஏற்றுக்கொள்வார்கள்.